ஜனவரியில் முளைத்த கால்

"கால் மறுபடியும் முளைச்சிடுச்சு, எம்மெட். அழிங்க."

ட்ரூடி பயிற்சி விடைத்தாளைப் பென்சிலால் தட்டினாள். எதிரே இருந்த பெரியவர் குட்டு வாங்கிய பள்ளிப் பிள்ளையைப் போல விழித்தார்.

"போன வருஷக் குறிப்புல கால் எடுத்தாச்சுன்னு தெளிவா இருக்கேம்மா."

"போன வருஷம் போச்சு. ஜனவரி ஒண்ணாந்தேதி எல்லா நோயும் பலகையில துடைச்ச மாதிரி. இந்த வருஷம் டாக்டர் திரும்ப எழுதலைன்னா, நம்ம கணக்குல அந்த ஆளுக்கு ரெண்டு காலும் இருக்கு. நடந்து வீட்டுக்குப் போவார்."

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூர் நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலைதோறும் இதே கூத்துதான். டாக்டர்களின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுவது ட்ரூடியின் தொழில். முதியவர் ஒருவருக்கு எவ்வளவு நோய் இருக்கிறது என்பதைக் காப்பீட்டு நிறுவனம் அந்தக் குறியீடுகளை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். பதினொரு வருடமாகச் செய்கிற வேலை. இப்போது கம்பெனி கை மாறிவிட்டது. மார்ச் முடிவதற்குள் பரீட்சை எழுதி, குறியீட்டாளருக்கான சி.ஆர்.சி. சான்றிதழ் வாங்காதவர்கள் மூட்டை கட்டலாம் என்று புது முதலாளி சொல்லிவிட்டார். ட்ரூடி அந்தப் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இது மூன்றாவது, கடைசி.

நூலக அறிவிப்புப் பலகையில் 'சேர்ந்து படிக்க ஆள் தேவை' என்று அவள் சீட்டு ஒட்டியதற்கு வந்த ஒரே ஆள் எம்மெட். வயது அறுபத்தாறு. சேறு தெறித்த பிக்கப் வண்டியில் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு, கையில் டோனட் பெட்டியோடு வருவார். என்ன வேலை என்று முதல் நாளே கேட்டாள். கிளினிக்கில் எழுத்து வேலை என்றார். அதுவும் உருப்படியாய் வரவில்லை என்று தலையைச் சொறிந்தார்.

உருப்படியாய் வராததை அவளே பார்த்தாள். குறிப்பில் இரண்டு மாத்திரைப் பெயர் இருந்தால் போதும், 'இதயம் பலவீனம்' என்று தானாகவே குறியீடு போட்டுவிடுவார்.

"நோயைக் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை இல்ல. எழுதினதை மட்டும்தான் எடுக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஆனா இந்த ரெண்டு மாத்திரையும் சேர்த்துக் குடுத்தா..."

"எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப இதயம் இரும்பு மாதிரி இருக்கு. அழிங்க."

அழிப்பார். மறுவாரம் அதே தவறைச் செய்வார். ஆனால் ட்ரூடியை இரண்டு முறை கவிழ்த்த உடற்கூறு கேள்விகளுக்கு வந்தால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். டோனட் பெட்டி மூடியில் இதயத்தை வரைவார். கெட்டுப்போன சிறுநீரகம் எப்படி இருக்கும் என்பதைக் காபி வடிகட்டும் தாளை வைத்துக் காட்டுவார். இவ்வளவும் எங்கே கற்றீர்கள் என்று அவள் வாயைப் பிளந்தால், "பார்த்துப் பார்த்து வந்ததுதான்" என்பதோடு சரி.

ஒரு சனிக்கிழமை ட்ரூடி பொரிந்து தள்ளிவிட்டாள். அவளிடம் வரும் குறிப்புகளிலேயே மோசமானவை ஒரு கிராமத்து டாக்டருடையவை. 'வழக்கம்போல். மருந்தைத் தொடரவும்.' அவ்வளவுதான் குறிப்பு. கீழே 'இ. வோர்ஹீஸ்' என்று ஒரு கிறுக்கல். ஆபீஸில் அவருக்கு 'ரெண்டு வரி' என்றே பெயர். பெயரைச் சொல்லாமல் ரெண்டு வரி என்றே சொல்லி, அவர் நோயாளிகளுக்கு வருடாவருடம் கால் முளைக்கும் கதையை அவிழ்த்துவிட்டாள்.

எம்மெட் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"என் எழுத்துல விட்டுப்போனதால ஒருத்தருக்கு வீட்டுக்கு வர்ற நர்ஸ் நின்னுபோச்சு, ட்ரூடி. நர்ஸ் அனுப்புற பட்டியலை இந்தக் குறியீட்டை வச்சுத்தான் எடுக்கிறாங்களாம். எனக்குத் தெரியாது. ஒத்தைக் காலோட தனியா இருக்கிற மனுஷன். குளியலறையில விழுந்து, ரெண்டு நாள் கழிச்சுத்தான் பார்த்தாங்க. பிழைச்சுட்டார்." பென்சிலை எடுத்தார். "அடுத்த கேள்வி கேளும்மா."

அதன்பின் அவள் அவரைக் கேலி செய்யவில்லை.

மார்ச் இரண்டாவது வாரம் பரீட்சை. நான்கு மணி நேரம், நூறு கேள்வி. வண்ண வண்ண ஒட்டுச்சீட்டுகளோடு செங்கல் தடிமனில் குறியீட்டுப் புத்தகம். ட்ரூடி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, எம்மெட் எதையோ அழித்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் தொப்பியைத் தூக்கி அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முடிவு வந்தது: எண்பத்தொரு மதிப்பெண், தேர்ச்சி. ட்ரூடி சமையலறையில் நின்று அழுதாள். இதயக் கேள்விகளில் ஒன்றுகூடத் தப்பாகவில்லை. அந்தச் சனிக்கிழமை டோனட் பெட்டியை அவளே வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். பன்னிரண்டு மணிவரை காத்திருந்தாள். அவர் வரவில்லை. பாவம், தோற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அவர் தொலைபேசி எண்ணைக்கூட வாங்கி வைக்கவில்லையே என்று உறுத்தியது.

திங்கட்கிழமை காலை அவள் திரையில் முதலில் வந்தது ரெண்டு வரியின் குறிப்பு. பெருமூச்சோடு திறந்தாள்.

ஒரு முழுப் பக்கம் இருந்தது. எந்த நோய், இப்போது எப்படி இருக்கிறது, என்ன சிகிச்சை என்று ஒன்றுவிடாமல் வரிசையாக எழுதியிருந்தது. கடைசியில், 'இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இந்த ஆண்டும் முளைக்கவில்லை. வீட்டுக்கு நர்ஸ் அவசியம்.'

அதன் கீழே, முதல்முறையாக முழுப் பெயரில் கையெழுத்து: எம்மெட் வோர்ஹீஸ், எம்.டி., சி.ஆர்.சி.