கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

கல்லூரி ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வானொலிப் படிப்பில் சேர இந்தக் குரல் தேர்வு ஒன்றுதான் பாக்கி. ஹெட்போன் காதை இறுக்குகிறது. வாசிக்க வேண்டிய தாளை மைக்குக்குக் கீழே நீவி வைக்கிறாள். கண்ணாடிக்கு அப்பால் அப்பா ஆசிரியரிடம் குனிகிறார். உள்ளே இருப்பவரோடு பேசுகிற பொத்தானில் தன் முழங்கை அழுந்தியிருப்பது அவருக்குத் தெரியவில்லை. "சார், குரல் சரியில்லைன்னு நீங்களே சொல்லி அனுப்பிடுங்க. நான் வேணாம்னு சொன்னா வீடு ரெண்டுபட்டுடும்." அவர் மூச்சுகூடக் காதுக்குள் கேட்கிறது. வழியெல்லாம் "தொண்டையப் பாத்துக்கோம்மா" என்று ஊற்றிக் கொடுத்த வெந்நீர் பிளாஸ்க் இன்னும் அவர் கக்கத்தில் இருக்கிறது. பேயறைந்தவள்போல் பார்க்கிறாள். அவர் நிமிர்ந்து, சிரித்து, கட்டைவிரலை உயர்த்துகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. வாயைத் திறக்கிறாள், வெறும் காற்றுதான் வருகிறது.