அடுப்பில் ஏறாத கறி

ஊறவைத்த நிலக்கடலையை அம்மியில் ஒன்றும் பாதியுமாகத் தட்டி எடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள் கிருபா. விரல் லேசாக உள்ளே போனது. ஆட்டுக்கறி இப்படி இடம் கொடுக்காது.

இன்னும் ஒரு கை தேங்காய்த் துருவலைப் போட்டுப் பிசைந்தாள்.

அவளுக்குக் கறியை விரலால் தெரியும், மூக்கால் தெரியும். நாக்கால் தெரியாது.

விளாத்திகுளத்துச் சைவக் குடும்பத்துப் பெண். வேதமணி வாத்தியாரைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரைக் கிருபா என்று மாற்றினார்கள். நாக்கை யாரும் மாற்றவில்லை.

மாமியார் ஒரே ஒரு வாரம் கூட இருந்து கவிச்சி சமைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதல் முதலாகத் தானே வைத்த கறிக்குழம்பைப் புருஷன் தட்டில் ஊற்றிவிட்டுக் கிருபா அழுதேவிட்டாள்.

“வாரா வாரம்னாலும் வச்சுத் தாரேன். என்னைய ருசி பாக்க மட்டும் சொல்லிராதீங்க.”

அவர் சொன்னதே இல்லை. பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. அவளும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன் ரசத்தைக் குடித்துக்கொண்டே, “உப்பு சரியா இருக்கா?” என்று கேட்பாள். “கச்சிதம்” என்பார். தட்டை வழித்துத் தின்பார்.

பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கும் எண்பதுக்கு மேல் மார்க் போடாத கை அது. கிருபாவுக்குப் பெருமை தாங்காது.

அவரிடம் அவளுக்கு இருந்த ஒரே சடவு சாக்பீஸ்தான். திங்கட்கிழமை துவைக்கப் போட்டால், ஆராதனைக்குப் போட்டுப்போன சட்டையின் பையில்கூட வெள்ளையாகப் பொடி இருக்கும். ஆண்டவர் வீட்டுக்குமா சாக்பீஸ் கொண்டுபோவார்கள் என்று திட்டுவாள். மனிதர் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்.

நான்கு மாதத்துக்கு முன் அவர் வகுப்பில் கரும்பலகை ஓரமாக மயங்கி விழுந்தார். ரத்தக் கொதிப்பு. டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூட வேலை பார்க்கிற வாத்தியார் ஒருவர் மதுரையில் நடந்த இயற்கை உணவு முகாமுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் அடுப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார். வெந்தது ஆகாது, எண்ணெய் ஆகாது, உப்பு ஆகாது. தேங்காயும் பழமும் முளைகட்டின பயறும்தான் சாப்பாடு.

கொதிப்பு இறங்கியிருந்தது. மாடிப்படியை இப்போது நிற்காமல் ஏறினார்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கறிக்குழம்பு வாசனை சுவர் தாண்டி வந்தது. கையிலிருந்த வெள்ளரிப்பிஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

“அடுத்த வாரம் அரைக் கிலோ எடுத்துட்டு வாரேன்ட்டி. வாரது வரட்டும்.”

அந்த அரைக் கிலோ வீட்டுக்குள் வந்தால் அதன் பின்னாலேயே வடையும் புரோட்டாவும் ஊறுகாயும் வரிசை கட்டி வந்துவிடும். அப்புறம் இன்னொரு நாள் கரும்பலகை ஓரமாக விழுவார். கிருபாவுக்கு அவர் வேண்டும். இந்த வயதில் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அதனால்தான் இந்தக் கடலைக் கறி. இஞ்சி, சின்ன வெங்காயம், ஊறவைத்த மல்லி, சீரகம், ஒரு துணுக்குப் பட்டை எல்லாம் பச்சையாக அரைத்துச் சேர்த்தாள். கசாப்புக் கடைச் சிவப்பு வருகிறவரை பீட்ரூட் சாறு விட்டாள். உருண்டை பிடித்துச் சுளகில் பரப்பி மொட்டைமாடியில் வைத்தாள். கோவில்பட்டி வெயில் அடுப்புக் கணக்கில் சேராது.

அவர் ஆராதனை முடிந்து வருவதற்குள் உருண்டைகள் இறுகியிருந்தன. அழுத்திப் பார்த்தாள். விரலை எதிர்த்தன.

வேதமணி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கறிக்கடைக்குப் போகிற மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். அவரைப் பிடித்து உட்காரவைத்துத் தட்டை முன்னால் நீட்டினாள்.

ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். கிருபா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி! அப்படியே நீ வைக்கிற கறிதான்!”

மஞ்சள் பை நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இன்னோர் உருண்டையை எடுத்தார். கிருபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது அவருடைய இடது கை, அவருக்கே தெரியாமல், சட்டைப் பைக்குள் போனது. இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்தது. தட்டின் மேல் தூவியது.

விரலில் ஒன்றும் இல்லை.

கிருபா பார்த்துக்கொண்டே நின்றாள். நான்கு மாதமாக ஆராதனைச் சட்டையின் பையில் அந்த வெள்ளைப் பொடி இல்லாதது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

தானும் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டாள். கடலைதானே. உப்பில்லாமல் சப்பென்று இருந்தது.

அப்படியே அவள் வைக்கிற கறி.

‘இதுல உப்பு கெடக்கும், நீ போட்டுராத’ என்று அந்த முதல் வாரத்தில் மாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. மாமியார் அதைக் கருவாட்டுக்குச் சொன்னாள். கவிச்சி எல்லாம் ஒன்றுதான் என்று இருந்தவள் கறிக்கும் சேர்த்தே பிடித்துக்கொண்டாள்.

உப்பு இல்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், அடுத்த வாரம் அவள் நாக்கில் வைத்துத்தான் பார்த்திருக்க வேண்டும்.

கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. அந்த மனிதரை அவளுக்கு அவ்வளவு பிடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு எப்போதும் கேட்பதையே கேட்டாள்.

“உப்பு சரியா இருக்கா?”

வாய் நிறைய வைத்துக்கொண்டு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், வேதமணி வாத்தியார் சொன்னார்.

“கச்சிதம்.”