இறங்காத ராகம்

கண்ணாடியை மூடிய வெள்ளைத் துணிமேல் மாலை வெயில் விழுகிறது. கீழே வில்னா நகரத் தெருவின் வண்டிச் சத்தம். மகளைப் புதைத்துவிட்டு வந்த நாஃப்தலி, கிழித்த சட்டைக் கழுத்தோடு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யூதர்களின் துக்க வாரத்தில் வேதம் படிக்கக் கூடாது, படிப்பு சந்தோஷமாம். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் புலம்பலுக்கு மட்டும் அனுமதி உண்டு. இளமையிலிருந்து கூடவே படித்த கால்மன், துக்கக்காரர்தான் முதலில் பேச வேண்டும் என்ற முறைப்படி எதிரே வாய்மூடி இருக்கிறார். நாஃப்தலி வரியில் விரல் வைத்து, பழகிய ராகத்தில் யோபுவின் கேள்வியைப் படிக்கிறார். கேள்விக்கு ஏறும் ராகம் பதிலுக்கு இறங்க வேண்டும். குரல் உச்சியிலேயே நிற்கிறது. “இறக்குடா நாஃப்தலி, மூச்சு முட்டுது பாரு.” விரல் அசையவில்லை. “இத்தனை வருஷமா இறக்கினேனேடா. அதெல்லாம் அடுத்தவன் வீட்டுச் சாவு, கால்மன். சுலபமா இறங்கிச்சு.”