தோற்றவர்களின் கிண்ணம்

“தோத்துத் துலையுங்கோவன்ரா!”

டென்மார்க்கின் ஸ்கீவ நகர விளையாட்டு மண்டபமே திரும்பிப் பார்த்தது. கத்தியவர் எதிரணிக்காரர் இல்லை. புரொண்பி ஊர்த் தமிழ் மாணவர் கூடைப்பந்து அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுத்து, தன் வான் வண்டியிலேயே ஏற்றிவந்த மரக்கறிக் கடை இன்பநாதன்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. முள்ளிவாய்க்காலுக்குள் அவருடைய ஒரே தங்கச்சி தவமலர், மூன்று பிள்ளைகளோடு. அவள் குரல் கேட்டுப் பன்னிரண்டு நாள். எடுத்தால் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் எடுப்பாள். வேறு இலக்கம் அவளிடம் இல்லை. அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் இருக்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம் அவருக்கு.

இங்கேயோ பந்தடி. அதுவும் என்ன பந்தடி? பருவம் முடிந்து, முதல் எட்டுப் பல்கலைக்கழக அணிகளும் பெரிய கிண்ணத்துக்கு ஓர்ஹுஸ் போய்விட்டன. மிச்சத்தைக் கூட்டி அள்ளி ஸ்கீவயில் ஒரு சின்னக் கிண்ணம். சந்தை கலைந்த பிறகு அழுகல் தக்காளிக்கு ஏலம் போட்டதுபோல.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட உடனேயே வீட்டுக்குத் திரும்ப நின்றவரை மறித்தவன் பயிற்சியாளன் யோசேப்.

“இன்பண்ணை, ஒரு பேச்சுக்கு வருவம். இது தோத்தால் வெளியேறுற போட்டி. தோத்த உடன வெளிக்கிடுவம். ஒரு நிமிஷம் கூட நிக்கமாட்டம்.”

இன்பநாதன் மனதுக்குள் சிரித்தார். பதினொரு ஆட்டத்தில் ஒன்பது தோற்ற கூட்டம். பத்து மணிக்கு வானில் இருக்கலாம்.

“சொன்னாச் சொல்லு,” என்று கை கொடுத்தார். கொடுத்த வாக்கை மாற்றினான் இன்பநாதன் என்று சந்தையில் ஒருத்தரும் சொன்னதில்லை.

முதல் ஆட்டம் வென்றார்கள்.

இரண்டாவதுக்கு முன் அணித்தலைவன் நிதர்சனை ஒரு மூலைக்கு இழுத்துப்போனார்.

“தம்பி, இதைத் தோத்துப்போட்டு வா. ஆளுக்கொரு சோடி சப்பாத்து வாங்கித் தாறன்.”

“நை, மாமா,” என்று டெனிஷில் மறுத்தான் நிதர்சன்.

“நல்ல சப்பாத்தடா! சரி, ரெண்டு சோடி!”

அவன் ஓடிவிட்டான். முழங்கால் உரிய விழுந்தெழும்பி, ஒரு புள்ளியால் வென்றார்கள்.

இன்பநாதன் வீட்டுக்கு அடித்துப் பார்த்தார். ஒருவரும் எடுக்கவில்லை. மனைவி செலீனாவின் போன் நிறுத்திக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, சபை ஆராதனையில் நிற்பாள். அப்படியென்றால் தங்கச்சி எடுத்தாலும் பேச ஆளில்லை!

அந்த ஆத்திரம் முழுவதும் நிதர்சன் தலையில் இறங்கியது.

“வருஷம் முழுக்க வெல்லத் தெரியாதவங்களுக்கு இண்டைக்கு என்னடா வந்தது? அங்க சனம் பங்கருக்குள்ள கிடந்து சாகுது, உனக்குக் கிண்ணம் கேக்குதோ? டென்மார்க்கில பிறந்தவனுக்கு அங்க ஆர் இருக்கினம்? உனக்கென்ன தெரியும்?”

நிதர்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யோசேப்பைப் பார்த்தான். யோசேப் வேண்டாம் என்று தலையாட்டினான்.

“கத்தாதேங்கோ அண்ணை. தை மாசம்தான் உங்களுக்கு நெஞ்சில ஒப்பரேஷன் செய்தது.”

“எனக்கு நெஞ்செண்டு ஒண்டு இருக்கு. உங்களுக்குத்தான் இல்லை!”

இறுதியாட்டத்துக்கு அவர் தன் பிள்ளைகளின் பக்கம் இருக்கவில்லை. எதிரணி டெனிஷ்காரர்களோடு போய்க் குந்தினார். அவர்கள் கூடைக்குள் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் எழும்பி நின்று கை தட்டினார். யாரோ ஒரு கிழவர், தங்கள் ஆள் என்று நினைத்துக் கோப்பியும் கொடுத்தார்.

ஆட்டம் சமநிலை. மேலதிக நேரம். மூச்சு வாங்க, கால் இழுக்க, பேய் பிடித்தவர்கள்போல் ஓடினார்கள் பிள்ளைகள். வென்றும் விட்டார்கள்.

ஆனால் ஒருத்தனும் துள்ளவில்லை. கிண்ணம் மேசையில் கேட்பாரற்றுக் கிடந்தது. நிதர்சன் நிலத்தில் குந்தியிருந்து, சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான்.

“ஒரு சாண் கிண்ணத்துக்கு இந்த அழுகையோ? ஏறுங்கோடா வானில!”

யோசேப் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலில் செலீனா.

“நீ எப்பிடி இஞ்ச? சபைக்குப் போகேல்லையோ?”

அவள் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

செலீனா அவரை வாங்கில் இருத்தினாள். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“காலமை எட்டு மணிக்குத் தகவல் வந்தது, இஞ்சாருங்கோ. தவமலரும் பிள்ளையளும்... நாலு பேரும். வான் ஓடிக்கொண்டிருக்கேக்க ஆராவது போனில சொல்லிப்போட்டா உங்கட நெஞ்சு தாங்காதெண்டு பயந்திட்டன். நான் ரெயிலில வந்து சேரும்வரை எப்பிடியாவது மறிச்சு வைச்சிருக்கச் சொல்லி யோசேப்பைக் கெஞ்சினனான்.”

அவர் தலை நிமிர்ந்தபோது பத்துப் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். கிட்ட வர ஒருத்தனுக்கும் துணிவில்லை. எதிரணிக்குத் தட்டிய கை அவருக்கே பாரமாக மடியில் கிடந்தது.

நிதர்சன்தான் முழங்கால் இரத்தத்தோடு வந்து அவர் முன்னால் குந்தினான். இந்த முறை தமிழில் சொன்னான்.

“வெண்டதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாமா. தோத்திருந்தா நீங்கள் வெளிக்கிட்டிருப்பியள்.”