தானே சாய்ந்த ராஜா

அகிலத்தை ஆட்டுவிக்கும் அம்பலவாணன் திருவடி நம் முன்னே நிற்க.

பலகை விளையாட்டுகளுக்கென்று ஒரு பெருந்திருவிழா கூடியது. வருவோர் இடம் தெரியாமல் அலையக் கூடாதென்று, மேசைதோறும் ஒரு சிறு கொடி வைத்தார்கள். நிமிர்ந்த கொடி ஆளை அழைக்கும். படுத்த கொடி, அம்மேசை பிறருக்கு ஒதுக்கப்பட்டது என்று சொல்லும்.

சதுரங்கத்தின் கருங்காலி ராஜாவுக்கு அது பொறுக்கவில்லை. வந்தவர் அனைவரும் முதலில் கொடியைத்தான் பார்த்தார்கள்.

"முடி சூடியவன் நானிருக்க, இந்தக் கந்தல் துணிக்கா முதல் பார்வை?" என்று பொருமினார்.

"அது வாருங்கள் என்கிறது, பிரபு. தாங்கள் முறைக்கிறீர்கள்," என்றார் மந்திரி.

வயிறெரிந்த ராஜா, ஓர் ஆட்டம் முடிந்ததும் கொடியை முட்டித் தள்ளினார்.

அடுத்து ஒரு தம்பதி வந்தனர். "யாருக்கோ சொல்லி வெச்ச இடங்க, வாங்க," என்று மனைவி கணவனை அழைத்துப் போனாள். பிறகு வந்தவர்களும் அப்படியே விலகினர். பக்கத்து மேசைகளில் ஒரே சிரிப்பு. திருவிழா முடியும் நேரமும் நெருங்கியது.

"தாங்கள் தள்ளியதில் என் அடி தளர்ந்துவிட்டது. முட்டுக் கொடுத்தால் எழுந்திருப்பேன், ராஜாவே," என்றது கொடி.

தோற்றாலன்றிச் சாயாதவர் ராஜா. காலி நாற்காலிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு தாமே சாய்ந்து, கொடிக்கு முட்டானார்.

"கொடி நிக்குதுங்க!" என்று அதே பெண் ஓடி வந்தாள். "அடடா, ராஜா விழுந்து கிடக்கிறாரே!" என்று அவரை எடுத்து அவருடைய கட்டத்தில் நிறுத்தினாள். முட்டிழந்த கொடி மெல்லப் படுத்துக்கொண்டது.

ஆட்டம் தொடங்குமுன் ராஜாவும் முதலில் கொடியைத்தான் பார்த்தார்.

கேட்டவர் இல்லத்தில் வருவோர் நிறைக. அம்பலவன் அருள் பெருகுக.