நிரம்பிய கோப்பை

நிலுஃபர் அவசரமாகத் தேநீர் ஊற்றினாள். கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்திருந்த ஷெர்சோதின் கோப்பை விளிம்புவரை நிரம்பியது.

"பாதி ஊத்துறதுதான் மரியாதை. முழுசா ஊத்தி விருந்தாளியைத் துரத்துறியா?" என்றாள் மாமியார் முகத்தஸ்.

நிலுஃபர் துரத்தத்தான் பார்த்தாள். சமர்கந்த் நர்சிங் கல்லூரிக்கு இன்றைக்குள் ரகசியமாக விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும்.

"தேவையில்லாத டூல்பார் எல்லாம் போச்சும்மா," என்றான் ஷெர்சோத்.

"அது கிடக்கட்டும். அந்த வேவு புரோகிராம்? இவ என்ன டைப் அடிச்சாலும் காட்டிக் கொடுத்துடும்னியே?"

"ஓர் எழுத்து தப்பாது. அந்த வேலையும் முடிஞ்சுது."

நிலுஃபர் கெண்டியைக் கீழே வைத்தாள். படிப்புக்கு இன்றோடு முழுக்கு.

ஷெர்சோத் போனதும் மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காரு. காலேஜுக்கு எழுத வேண்டியதை எழுது."

"உங்களுக்கு எப்படி..."

"மாவு மூட்டைக்குப் பின்னால நர்சிங் காலேஜ் புத்தகத்தை ஒளிச்சு வச்சா, ரொட்டி சுடுறவ கண்ணுல படாதா?"

"ஆனா அந்த வேவு?"

"மாஸ்கோவுக்குப் போறதுக்கு முன்னால உன் புருஷன் வச்சுட்டுப் போனது. என்கிட்டயே போன்ல பெருமையடிச்சான். அதைப் பிடுங்கி எறியத்தான் இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவனுக்குப் போய் முழுக் கோப்பை ஊத்தினியே!"