பூமத்திய ரேகை தாண்டிய பாட்டில்

கடைசி மூடிச் சாராயத்தையும் வாயில் கவிழ்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் வேலம்பாளையம் பனியன் எக்ஸ்போர்ட்டர் திருமூர்த்தி. கால்கள் பின்னின. கையில் நார்வே பாட்டில் காலி. அப்போதுதான் நாளைக்கு ஹால்வர் வருகிறார் என்பது நினைவுக்கு வந்தது.

ஹால்வர் இவரிடம் பனியன் வாங்கும் நார்வே பையர். போன வருடம், 2005-ல், ஆர்டர் போட்ட கையோடு அவர் திறந்த பாட்டில் அது. பெயர் அக்வாவிட். உருளைக்கிழங்குச் சாராயத்தில் சோம்பு மாதிரி ஏதோ விதையைப் போட்டு, பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டவைப்பார்களாம். கடலின் ஆட்டத்திலும் வெக்கையிலும் ருசி ஏறுமாம்.

அன்றைக்குக் கிருத்திகை. திருமூர்த்தி தொடவில்லை. ஹால்வர் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

"மிச்சத்தை அடுத்த வருசம் சேர்ந்து குடிச்சுட்டுத்தான் ஆர்டராமுங்க. அதுவரைக்கும் தொடப்படாதாமுங்க" என்று மொழிபெயர்த்தான் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அருள்செல்வன்.

வீட்டில் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார் திருமூர்த்தி. மனைவி சித்ராதேவி கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து ஒரு மூடி, அப்புறம் இரண்டு மூடி. உள்ளே போனால் பாட்டு வந்தது, மாமனாரையே பேர் சொல்லிக் கூப்பிடும் தைரியம் வந்தது.

இப்போது அந்த ஆர்டர் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். மெடிக்கலுக்கு ஓடி ஓம வாட்டர் வாங்கி வந்தார். டீ டிகாஷன் கலந்து காலி பாட்டிலை நிரப்பி, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். நிறம், மணம், ருசி எல்லாம் அச்சு அசல். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் விருந்து. சித்ராதேவியின் நாட்டுக்கோழி வறுவலை ஹால்வர் ஒரு கை பார்த்தார். பிறகு பாட்டிலைத் திறந்து ஊற்றி ஒரு வாய் குடித்தார். புருவம் சுருங்கியது.

"காட்டமே காணோம்ங்கறாருங்க" என்று கிசுகிசுத்தான் அருள்செல்வன். திருமூர்த்திக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சட்டென்று அறையே அதிர ஓர் ஏப்பம் விட்டார் ஹால்வர். முகம் மலர, கிளாஸை மறுபடி நீட்டினார்.

"வயிறு லேசாயிருச்சாமுங்க! கடல்ல ஊறுனதைவிட நம்மூரு வெயில்ல ஊறுனதுதான் பிரமாதமாமுங்க. ஆர்டர் இந்தத் தடவை டபுளுங்க!"

காரை அனுப்பிவிட்டு வந்த திருமூர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நான் கலக்குன ஓம வாட்டரை நார்வேக்காரனே கண்டுபுடிக்கலை, பாத்தியா சித்ரா!"

கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்த சித்ராதேவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, பீரோவுக்குப் பின்னால நான் கலக்கி வெச்சதை இந்த ஒரு வருசமா நீங்க கண்டுபுடிச்சீங்களா?"